வண்டியில் பாட்டு இருக்கட்டும், பியூஸும் இருக்கட்டும்



சரக்கு ஏற்றும் சிறு வண்டி இன்று கடைக்குத் தராசைப் போல இன்றியமையாததாகிவிட்டது. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் சூட்டிய பிறகு, வாடகை வண்டியை நம்பியிருந்த மளிகைக் கடைக்காரர் பலர் சொந்த வண்டி வாங்கினர். வண்டி வந்ததும் கேபினுக்குள் பாட்டு செட் வந்தது. அதைத் தொடர்ந்து ஆம்ப்ளிபயரும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் வந்தன. இந்த ஆம்ப்ளிபயரை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதை நாம் டிரைவர் பாடு என்று விட்டுவிட்டோம். அது தவறு என்பதே நமது கருத்து.

நமது கடை வண்டியில் நடந்ததையே சொல்கிறோம். "பாட்டு செட் எல்லாம் வேண்டாம்" என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அவர் தம் கைக்காசில் பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கி, நமக்குத் தெரியாமல் சீட்டின் பின்னால் செருகி வைத்தார். பாட்டரியிலிருந்து நேராக ஒரு மெல்லிய வயர், பியூஸ் கிடையாது. தகட்டில் போட்ட ஓட்டை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல் அந்த வயர் உள்ளே வந்தது. சில மாத ஓட்டத்தில் தகட்டின் விளிம்பு வயரின் மேலுறையை அறுத்துவிட்டது. ஒரு நாள் மாலை சர்க்கரையும் பருப்பும் தீப்பெட்டிக் கட்டுகளும் ஏற்றி வரும்போது கேபினில் புகை எழுந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பாட்டரி இணைப்பைக் கழற்றியதால் சரக்கு தப்பியது. சீட்டின் ரெக்ஸினும் ஒரு பில் புத்தகமும் கருகியதோடு போயிற்று.

அன்று டிரைவரைத்தான் திட்டினோம். பிறகு யோசித்தபோது பாதிக் குற்றம் நம்முடையது என்று புரிந்தது. நாம் அனுமதித்திருந்தால் அந்த வேலை நல்ல எலக்ட்ரீஷியனிடம், நம் கண் முன்னால் நடந்திருக்கும். நாம் மறுத்ததால் அவர் மறைத்துச் செய்தார்.

டிரைவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். குட்டியானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்த இரைச்சலில் சாதாரண செட்டின் பாட்டு காதில் விழாது. ஒட்டன்சத்திரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் இரவெல்லாம் தனியாக ஓட்டுகிறவர் பேச்சுத் துணைக்கு ஒரு பாட்டைக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் பாட்டு தூக்கத்துக்கு மருந்தல்ல. தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்தித் தூங்கத்தான் வேண்டும். அதற்கு நேரம் கொடுப்பது முதலாளியின் கடமை.

இனி பொருளைப் பற்றிச் சொல்வோம். ஆம்ப்ளிபயர் பெட்டியின் மேல் '1000 வாட்' என்று அச்சிட்டிருக்கும். எடைக்கல்லைச் சோதித்து வாங்கும் நாம் இதையும் சோதிக்க வேண்டாமா? ஆம்ப்ளிபயரிலேயே செருகியுள்ள பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12-ஆல் பெருக்குங்கள். 20 ஆம்பியர் பியூஸ் என்றால் சுமார் 240 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் வெளியே 1000 வாட் எப்படி வரும்? 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் வாட்டையே கணக்கில் எடுக்க வேண்டும்.

பழைய ஏ.பி. வகை ஆம்ப்ளிபயர் உண்மையாகவே 200 வாட் கொடுத்தால், பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 400 வாட் இழுக்கும். அதாவது 30 ஆம்பியருக்கு மேல். ஆறேழு ஹெட்லைட் பல்புகளை ஒன்றாக எரிப்பதற்குச் சமம். மீதி முழுவதும் சூடாகிறது. டி வகை ஆம்ப்ளிபயர் அதே சத்தத்துக்குக் குறைவாக இழுத்து, குறைவாகச் சூடாகும். நெருக்கமான கேபினுக்கு அதுவே ஏற்றது.

வயர் தடிமனான செம்பு வயராக இருக்க வேண்டும். செம்புப் பூச்சுள்ள அலுமினிய வயர் பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும், விலையும் குறைவு. அதே தடிமனில் அது தாங்கும் கரண்டும் குறைவு. பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் கட்டாயம் வேண்டும். ஆம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காக்கும்; நடுவில் ஓடும் வயரைக் காப்பது பாட்டரி அருகே உள்ள பியூஸ்தான். தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். எர்த் வயரும் அதே தடிமனில், பெயிண்ட்டைச் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு முடுக்கியிருக்க வேண்டும்.

பொருத்தும் இடம் அடுத்தது. இன்ஜின் முன்னால் உள்ள பிக்கப் வண்டிகளில் சீட்டின் அடியிலோ பின்சுவரிலோ இடம் கிடைக்கும். குட்டியானை போன்றவற்றில் சீட்டின் அடியில் இன்ஜின் சூடு இருப்பதால் பின்சுவரே நல்லது. தரையில் நேராக வைத்தால் மழை நீரும் கழுவும் நீரும் சேரும். ஒரு பலகையில் பூட்டி உயர்த்தி வைக்க வேண்டும். ஸ்குரூ இறக்கும் முன் அடியில் டீசல் குழாயோ பிரேக் குழாயோ போகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சும்மா செருகி வைத்த ஆம்ப்ளிபயர், சடன் பிரேக்கில் டிரைவர் தலைக்கு வரும். அதன் மேல் சாக்கு, போர்வை, பில் கட்டு எதையும் போடக் கூடாது. சரக்குத் தட்டில் வைப்பதும் சரியல்ல; மிளகாய்த் தூளும் மாவும் வெங்காயச் சருகும் உள்ளே புகுந்துவிடும். மின்சார வண்டியானால் ஆரஞ்சு நிற வயர்களின் பக்கமே போகக் கூடாது. கம்பெனி சர்வீஸில் கேட்காமல் எதையும் இணைக்க வேண்டாம்.

செட்டை அணைத்தால் ஆம்ப்ளிபயரும் அணைய வேண்டும். இதற்கென உள்ள சிறு வயரைச் செட்டுடன் சேர்க்காமல் பாட்டரியோடு சேர்த்தால், இரவெல்லாம் பாட்டரி வடிந்து, விடிகாலை சந்தைக்குக் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாது. அன்றைய கொள்முதல் போச்சு. சத்தமும் பின்னால் வரும் ஹாரன் கேட்கும் அளவில்தான் இருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் உண்டு. வண்டியோடு வராத மின்சாதனத்தைப் பாலிசியில் தெரிவித்து, அதற்குரிய கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அதற்குப் பாதுகாப்பு. அதைவிட முக்கியமாக, வண்டியின் பாலிசி ஏற்றிய சரக்குக்குப் பொருந்தாது. சரக்குக்குத் தனிப் பாலிசி வேண்டும். இது தெரியாத உறுப்பினர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வரும் விடுமுறை நாளில் வண்டியின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பியூஸ் இல்லாத வயர் இருந்தால் அன்றே கழற்றுங்கள். டிரைவரைக் கோபிக்காமல், "வா தம்பி, ஒழுங்காகப் போட்டுக்கொள்வோம்" என்று அழைத்துச் சென்று, கூலியை முதலாளியே கொடுங்கள். சங்கமும் ஆண்டுக்கு ஒரு நாள் தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்து, உறுப்பினர்களின் வண்டிகளைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். நல்ல வயருக்கும் பியூஸுக்கும் ஆகும் செலவு ஒரு லோடு சரக்கின் விலைக்கு முன்னால் பெரிதல்ல. அந்த வண்டியில் சரக்கோடு நம்மை நம்பி ஒரு மனிதரும் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறவாதிருப்போம்.