சபை பிழைத்தது, சிறுவர்களின் உலகக் கிண்ணம் போனது

2023 நவம்பர் 6ஆம் திகதி. உலகக் கிண்ணப் போட்டியொன்றில் பங்களாதேஷ் அணியை எதிர்கொள்வதற்காக இலங்கை அணி புது டில்லியில் களமிறங்கியிருந்தது. அன்றுதான் தலைக்கவசத்தின் பட்டி அறுந்து நேரம் கடந்துபோனதால், ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமலேயே ஆட்டமிழந்தவராக அஞ்சலோ மெத்தியூஸ் அறிவிக்கப்பட்டார். சர்வதேச கிரிக்கெட் வரலாற்றில் அவ்விதம் ஆட்டமிழந்த முதலாமவர் அவரே. அதே தினத்தில் கொழும்பில் வேறோர் ஆட்டமிழப்பும் நிகழ்ந்தது. விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனத்தின் நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்கவின் தலைமையில் எழுவர் கொண்ட இடைக்காலக் குழுவொன்றை வர்த்தமானி மூலம் நியமித்தார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவரும் அக்குழுவில் இருந்தனர். நீதிபதிகளைச் சேர்த்துக்கொண்டால் நீதியும் சேர்ந்துவிடும் என்று அமைச்சர் எண்ணியிருக்கலாம்.

மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நியமனத்துக்கு இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. கலைக்கப்பட்ட சபையின் தலைவர் ஷம்மி சில்வா மீண்டும் தமது ஆசனத்தில் அமர்ந்தார். 9ஆம் திகதி, பெங்களூரில் நியூசிலாந்திடம் தோற்று இலங்கை அணி தனது உலகக் கிண்ணப் பயணத்தை முடித்துக்கொண்ட அதே தினத்தில், எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச கொண்டுவந்த பிரேரணையைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிச் சபையை விலகுமாறு கோரியது. இந்நாட்டின் பாராளுமன்றம் எந்த விடயத்திலும் ஒருமனப்படுவது அபூர்வம். இனப்பிரச்சினையில் ஒருமனப்படாதவர்கள் கிரிக்கெட்டில் ஒருமனப்பட்டனர். 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. நிர்வாகத்தில் அரசாங்கத் தலையீடு இருக்கலாகாது என்ற கடப்பாட்டை இலங்கை மீறிவிட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஐந்தே நாட்களில் இத்தனையும் நடந்து முடிந்தன.

மக்களின் கோபத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆண்டு செப்டெம்பரில், பிரேமதாச மைதானத்தில், நமது மக்களின் கண்முன்னாலேயே ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி அது. மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். நவம்பர் 2ஆம் திகதி மும்பாயில் அதே இந்திய அணியிடம் 55 ஓட்டங்கள். தோல்வி 302 ஓட்டங்களால். உலகக் கிண்ணத்தில் ஒன்பதாம் இடம். அதனால் 2025ஆம் ஆண்டின் சம்பியன்ஸ் கிண்ணத்துக்கான தகுதியும் இல்லாமற் போயிற்று. இதற்கு யாரேனும் பொறுப்புச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொறுப்புக் கேட்க முன்வந்தவர் யார், பொறுப்புச் சொல்லவேண்டியவர் யார், இவர்கள் இருவரையும் அந்தந்த இடங்களில் இருத்தியது எது என்பவற்றையும் சேர்த்துக் கேட்டாகவேண்டும்.

பத்திரிகை மேசையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் எனக்கொரு சலிப்பு உண்டு. ‘கிரிக்கெட் சபை கலைப்பு, இடைக்காலக் குழு நியமனம்’ என்ற தலைப்பை எத்தனை தடவைகள் எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. பெயர்களையும் திகதியையும் மாற்றினாற் போதும், செய்தி ஆயத்தம். 1999இல் ஒன்று. 2001இல் இன்னொன்று. 2005இல் ஜயந்த தர்மதாச தலைமையில் நியமிக்கப்பட்டதிலிருந்து 2012 ஜனவரி வரை, ஏறத்தாழ ஏழாண்டுகள், தேர்தல் என்பதே இல்லாமல் இந்நாட்டின் கிரிக்கெட் அமைச்சர்களின் நியமனங்களாலேயே ஆளப்பட்டது. ‘இடைக்காலம்’ என்ற சொல்லுக்கு உலகின் எந்த அகராதியிலும் ஏழாண்டுகள் என்று பொருள் இருக்காது. 2015இல் சிதத் வெத்தமுனி தலைமையில் மறுபடியும் ஓர் இடைக்காலக் குழு. அப்போது சர்வதேசப் பேரவை இலங்கைக்குரிய நிதியைத் தடுத்துவைத்தது. 2018இல் திலங்க சுமதிபாலவின் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. அமைச்சின் செயலாளரே சபையைப் பொறுப்பேற்றார். அது 2019 பெப்ரவரித் தேர்தல்வரை நீடித்தது.

2023இல் மீட்பராக அழைத்துவரப்பட்ட அர்ஜுன ரணதுங்கவுக்கு இது புதிய அனுபவமல்ல. 2008 ஜனவரியில் அவர் இவ்வாறேதான் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசெம்பரில் காமினி லொக்குகே அமைச்சராக இருந்தபோது அகற்றப்பட்டார். அமைச்சரின் ஒரு கையெழுத்தால் வந்தவர் இன்னொரு கையெழுத்தால் போனார். 1996இல் கிண்ணத்தை உயர்த்திய தலைவருக்கே இந்தக் கதி என்றால் ஏனையோரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இந்தக் கையெழுத்துகளுக்கெல்லாம் வலுவளிப்பது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். தேசிய அணியொன்று வெளிநாடு செல்வதற்குக்கூட அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும் என்பது அதன்கீழ் வந்த ஏற்பாடு. அதன் விளைவை 2017 டிசெம்பரில் கண்டோம். இந்தியாவில் ஒருநாள் போட்டிகளில் ஆடுவதற்காக விமான நிலையத்துக்குச் சென்றுவிட்ட வீரர்கள் திருப்பி அழைக்கப்பட்டனர். அணியின் பெயர்ப்பட்டியலுக்கு அமைச்சர் தயாசிறி ஜயசேகரவின் ஒப்புதல் பெறப்படவில்லையாம். பயணப்பெட்டிகளுடன் வீடு திரும்பிய அந்த வீரர்களின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும்! வேறெந்த நாட்டில் ஓர் அமைச்சர் துடுப்பாட்ட வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறார்?

ஆகவே அமைச்சரின் பிடியிலிருந்து சபையை விடுவித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சபையினர் சொல்வதைக் கேட்டுத் தலையசைப்போர் பலர். அவர்களுடன் நான் உடன்படவில்லை. ‘தெரிவு செய்யப்பட்ட நிர்வாகம்’ என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்களே, அதைத் தெரிவு செய்வோர் யார்?

2019 தேர்தலில் ஷம்மி சில்வா ஜயந்த தர்மதாசவை 83க்கு 56 என்ற வாக்குகளால் வென்றார். ஏறத்தாழ 140 வாக்குகள். கழகங்கள், மாவட்ட, மாகாணச் சங்கங்கள், இன்னபிற இணைந்த அமைப்புகள் ஆகியவற்றின் கைகளில் உள்ளவை இவை. அவுஸ்திரேலியாவின் முதல்தரப் போட்டித் தொடரில் ஆடுபவை ஆறு மாநில அணிகள். அந்த ஆறு மாநிலச் சங்கங்களே அந்நாட்டுச் சபைக்கு உரிமையாளர்கள். நமது சின்னஞ்சிறு தீவிலோ முதல்தரக் கழகங்கள் மட்டும் 20க்கு மேல் வளர்ந்தன. திறமை பெருகியதால் கழகங்கள் பெருகின என்று எவரேனும் சொன்னால் நகைக்கத் தோன்றும். கழகத்துக்குத் தரம் கிடைத்தால் வாக்கு கிடைக்கும், சபையின் நிதியுதவி கிடைக்கும். வாக்கைப் பெற்றவருக்குப் பதவி கிடைக்கும். பதவியில் இருப்பவர் அக்கழகத்தின் தரத்தைக் குறைக்கத் துணியமாட்டார். இந்தச் சக்கரத்துக்குள் நல்ல பந்துவீச்சாளன் ஒருவன் அடுத்த வாரமும் இன்னொரு பலவீனமான துடுப்பாட்ட வரிசைக்கே பந்து வீசுகிறான். பின்னர் மும்பாயில் கோலியும் கில்லும் நிற்கும்போது திகைக்கிறான். 302 ஓட்டங்களால் தோற்றது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இது எனது கண்டுபிடிப்பும் அல்ல. முத்தையா முரளிதரன், சிதத் வெத்தமுனி, ஆனா புஞ்சிஹேவா உள்ளிட்டோர் இந்த யாப்பையே மாற்றவேண்டும் என்று கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். எண்ணூறு டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தவர் நீதிமன்றப் படியேறித்தான் தமது விளையாட்டைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது. சபையில் அவருக்கு ஒரு வாக்கும் இல்லை என்பதே அதன் பொருள். புஞ்சிஹேவாவின் கதை இன்னும் விசித்திரமானது. 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது சபையின் தலைவர் அவர். அதே ஆண்டு நடந்த தேர்தலில் தோற்றுப்போனார்! உலகக் கிண்ணத்தை வென்று தந்த நிர்வாகத்தை வீட்டுக்கு அனுப்பிய அதே தேர்தல் முறைதான், 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட நிர்வாகத்தைத் தொடர்ந்து வைத்திருந்தது. 2019, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் தெரிவான ஷம்மி சில்வா, 2025 மார்ச்சில் போட்டியின்றியே நான்காம் தடவையாகத் தெரிவானார். எதிர்த்து நிற்கக்கூட ஓர் ஆள் இல்லை.

சர்வதேசப் பேரவையின் நீதியும் இவ்விடத்தில் நொண்டுகிறது. அரசாங்கம் தலையிட்டதா என்று மட்டுமே அது பார்க்கிறது. தலையிடப்பட்ட சபை எவ்வாறு தெரிவானது, அதன் கணக்குகளைப் பற்றிக் கணக்காய்வாளர் நாயகம் என்ன சொன்னார் என்பன அதன் கவனத்துக்கு வருவதில்லை. எனவே அமைச்சர் எத்தனை முரட்டுத்தனமாக நடக்கிறாரோ, அத்தனை பாதுகாப்பு சபைக்குக் கிடைக்கிறது. ரணசிங்க அதைத்தான் செய்தார். ஒரு விசாரணையைப் பொறுமையாக நடத்தி, கணக்குகளை நீதிமன்றத்தின் முன் வைத்து, சட்டத்தைத் திருத்தி முடித்திருக்கவேண்டியவர், உலகக் கிண்ணத்தின் நடுவில் வர்த்தமானியை வீசினார். அவரது கோபம் உண்மையானதாகவே இருந்திருக்கலாம். அதனால் பயனடைந்தவர்கள் அவர் துரத்த நினைத்தவர்களே. நவம்பர் 27இல் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவரை அமைச்சரவையிலிருந்தே நீக்கினார். புதிய அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ இடைக்காலக் குழுவை இரத்துச் செய்தார். 2024 ஜனவரி 28இல் தடை நீங்கியது. சபை பிழைத்துக்கொண்டது.

இதற்கிடையே, ஆசிய கிரிக்கெட் பேரவையின் தலைவராக அப்போதிருந்த ஜெய் ஷாவே இலங்கை கிரிக்கெட்டை ஆட்டுவிக்கிறார் என்று ரணதுங்க சொல்லிவைக்க, பாராளுமன்றத்தில் அமைச்சர் காஞ்சன விஜேசேகர இந்தியாவிடம் வருத்தம் தெரிவிக்கவேண்டியதாயிற்று. சொந்த வீட்டுச் சண்டையில் அயல்வீட்டாரின் பெயரை இழுத்து, பிறகு அவரிடமே மன்னிப்புக் கேட்ட கதை.

பிழைக்காதவர்கள் வேறு சிலர். 2024 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் இலங்கையில் நடப்பதாக இருந்தது. 2023 நவம்பர் 21இல் அகமதாபாத்தில் கூடிய சர்வதேசப் பேரவை அதைத் தென்னாபிரிக்காவுக்கு மாற்றியது. பாடசாலை மைதானங்களில் வளர்ந்து, தாய் தந்தையரின் முன்னிலையில், சொந்த மண்ணில் ஓர் உலகக் கிண்ணத்தில் ஆடும் வாய்ப்பு ஒரு வீரனுக்கு வாழ்நாளில் ஒருமுறை வந்தாலே பெரிது. அந்த வயது கடந்துவிட்டால் மறுபடி வராது. அமைச்சருக்கு அடுத்த தேர்தல் உண்டு, சபைத் தலைவருக்கு அடுத்த பதவிக்காலம் உண்டு. அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அடுத்தது என்று ஒன்றில்லை. இவர்களிடம் அமைச்சரோ சபையோ வருத்தம் தெரிவித்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

கிரிக்கெட்டோடு இது நின்றிருந்தால்கூட ஒருவாறு பொறுக்கலாம். அதே 2023இல் மே மாதம் றகர் சங்கத்தை உலக றகர் அமைப்பு இடைநிறுத்தியது. அதற்கு முன்பே ஜனவரியில் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை பீஃபா இடைநிறுத்தியிருந்தது. ‘மின்னல்’ நிகழ்ச்சியின் மூலம் தமிழ் மக்கள் நன்கறிந்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஜே. ஸ்ரீரங்கா தலைவராகத் தெரிவான தேர்தலையடுத்து வந்த தடை அது. ஆகஸ்டில் அது நீக்கப்பட்டு, செப்டெம்பரில் ஜஸ்வர் உமர் மீண்டும் தலைவரானார். தலைவர்கள் மாறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணப் போட்டிகள் நடந்து முடிந்தன. 1995இல் அக்கிண்ணத்தை வென்ற இலங்கை 2023இல் அங்கே செல்லவே முடியவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மாலையானால் பிள்ளைகள் திரளுவது பெரும்பாலும் உதைபந்தாட்ட மைதானத்தில்தான். நமது பத்திரிகைகள் கிரிக்கெட் தடைக்கு முதற்பக்கத்தை ஒதுக்கின. உதைபந்தாட்டத் தடை பின்பக்கத்தின் மூலையில் கிடந்தது. அதுவும் ஒரு வாக்குரிமைப் பிரச்சினைதான் என்று எனக்குப் படுகிறது.

ஓராண்டில் மூன்று தேசிய சங்கங்கள். மூன்றிலும் ஒருபுறம் அமைச்சு, மறுபுறம் சங்கத்தின் ஆசனங்களுக்கான போட்டி. 1973ஆம் ஆண்டின் சட்டத்தில் அமைச்சருக்குள்ள கலைக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டு, அதை நீதிமன்ற மேற்பார்வைக்கு உட்பட்ட சுயாதீன அமைப்பொன்றிடம் கொடுக்கவேண்டும். அதே சட்டத்திலேயே வாக்காளர் பட்டியலையும் திருத்தவேண்டும். மாகாணங்கள், பாடசாலைகள், ஆடிக்கொண்டிருக்கும் வீரர்கள், பெண்கள் அணியினர் ஆகியோருக்கு அதில் இடம் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் எசமான் மட்டுமே மாறுவான். உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் கே.ரி. சித்திரசிறி தலைமையிலான குழு கிரிக்கெட்டுக்கெனப் புதிய யாப்பு வரைவொன்றையே தயாரித்துக் கொடுத்தது. ஆகவே வழி தெரியவில்லை என்று எவரும் சொல்ல இயலாது.

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். யாழ். மத்திய கல்லூரியிலிருந்து புறப்பட்டு, 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் பந்து வீசி, 2024இல் இந்தியன் பிரீமியர் லீக்வரை சென்ற விஜயகாந்த் வியாஸ்காந்தைப் போன்ற பிள்ளைகள் அங்கு ஆடுவார்கள் என்று மகிழ்ந்தோர் பலர். நானும் மகிழ்ந்தேன். அந்த மைதானத்தில் எந்த ஆட்டம், எப்போது, யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் வடக்கின் குரலுக்கு எத்தனை வாக்குகள் இருக்கும் என்று அந்த விழாவில் யாராவது கேட்டார்களா?