கரடி காட்டில் கச்சேரி

காட்டுக்குள் வாய்மூடி நடக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? அமெரிக்காவின் மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவில் நேர்மாறு. ஸ்விஃப்ட்கரன்ட், ஜோசஃபின் ஏரிகளைப் படகில் கடந்து, கிரின்னல் ஏரிக்குக் காட்டுவழியே அழைத்துப் போகும் ரேஞ்சர், 'பேசுங்க, கைதட்டுங்க' என்பார்.

கிரிஸ்லி கரடிகள் வாழும் இடம் அது. திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் மிரண்டு பாய்ந்துவிடும். தூரத்திலேயே குரல் கேட்டால், பெரும்பாலும் அதுவே ஒதுங்கிக்கொள்ளும். பாதை வளைகிற இடத்திலும், ஓடை இரைகிற இடத்திலும் இன்னும் உரக்கப் பேச வேண்டும். மணி கட்டிக்கொண்டால் போதாது. (அரட்டைப் பேர்வழிகளுக்கு இங்கேதான் மரியாதை!)

குழந்தைகளை முன்னே ஓடவிடாமல் நடுவில் நடத்துங்கள். கரடி ஸ்பிரே பைக்குள் வேண்டாம், இடுப்பில் இருக்கட்டும். கரடி தெரிந்தால் ஓடாதீர்கள். குறைந்தது 91 மீட்டர் தள்ளியே இருங்கள்.

கோடை முடிவில் ஹக்கிள்பெரி பழுக்கும். கரடிக்கு அது விருந்து. அந்தப் புதர்ப் பக்கம் கச்சேரியே வைக்கலாம், தப்பில்லை!