ஓராள் ஊராட்சி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நயோப்ரரா ஆற்றுக்கும் மிசௌரி ஆற்றுக்கும் நடுவே மானோவை என்றொரு ஊர். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருந்தவர்கள் 1. அச்சுப்பிழை இல்லை, ஒன்றேதான்.

அந்த ஒருவர் எல்சி ஐலர் என்ற மூதாட்டி. மேயர், கிளார்க், பொருளாளர் எல்லாம் அவரே. ஊரில் இருந்த ஒரே மதுக்கடையும் அவருடையதுதான். கடை உரிமத்துக்கான தாள் மாநில அரசிடமிருந்து ஊராட்சி பெயருக்கு வரும். ஊராட்சிச் செயலாளராகப் பிரித்துப் படிப்பார், கிளார்க்காகக் கையெழுத்துப் போடுவார், கடைக்காரராக வாங்கி வைத்துக்கொள்வார். நாலு தெருவிளக்கு எரிய வேண்டுமே என்று தனக்குத் தானே வரி போட்டு, தானே கட்டி, தானே வசூலித்தார். மாநிலத்தின் சாலை நிதி வேண்டுமென்றால் வருஷாவருஷம் சாலைத் திட்டம் ஒன்றும் எழுதித் தர வேண்டும். அதையும் எழுதினார். இந்த மன்றத்தில் கோரம் இல்லை என்று கூட்டம் தள்ளிப்போனதில்லை, வெளிநடப்புக்கும் ஆளில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாள்களை எழுதாமல் விட்டால் மானோவை ஊராட்சி என்ற தகுதியை இழந்து, வரைபடத்தில் வெறும் நிலமாகிவிடும். ஊரை ஊராக வைத்திருந்தது அவருடைய பேனாதான்.

1902-இல் ரயில் பாதை வந்தபோது பிறந்த ஊர் இது. 1930-களில் சுமார் 150 பேர் இருந்தார்கள். அஞ்சலகம், பள்ளிக்கூடம், தேவாலயம், மளிகைக் கடைகள் என்று ஓர் ஊருக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. பிறகு டிராக்டர் வந்தது; பத்துப் பேர் செய்த உழவை ஒருவர் செய்தார். பிள்ளைகள் வேலை தேடிப் போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை. ரயிலும் நின்றது. 2000-இல் மிச்சமிருந்தது இரண்டே பேர்: எல்சியும் அவர் கணவர் ரூடியும்.

2004-இல் ரூடி காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தவை ஏறக்குறைய 5,000 புத்தகங்கள். கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடத்தில் அவற்றை அடுக்கி, 'ரூடி நூலகம்' என்று பெயர் வைத்தார் எல்சி. ஆகவே நூலகர் பதவியும் அவருக்கே வந்தது. ஆளில்லாத ஊருக்கு நூலகம் எதற்கு என்று கேட்கலாம். சாப்பிடவும் சீட்டாடவும் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளிலிருந்து மக்கள் அவர் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். போகிற போக்கில் ஒரு புத்தகத்தை எடுத்துப் போக என்ன தடை?

2020 கணக்கெடுப்பில் மானோவையின் மக்கள்தொகை 2 என்று வந்தது. யாரும் குடியேறவில்லை. தனிநபர் விவரம் வெளியே தெரியக் கூடாது என்று கணக்கெடுப்புத் துறை எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து வெளியிட்டதன் விளைவு அது. அந்த ஊரில் யார் இருக்கிறார் என்பது உலகத்துக்கே தெரிந்த பிறகு இந்த ரகசியக் காப்பு! அந்த இரண்டாவது ஆளிடம் மட்டும் மேயரால் வரி வசூலிக்க முடியவில்லை.