பனிக்காலம் காட்டும் சுவர்கள்

தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட். அக்கரப்பத்தனைப் பக்கம் பல்மோரல், கிளாஸ்கோ. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே வண்டியிற் செல்பவருக்கு, ஸ்கொட்லாந்து தேசப்படத்தின்மீது பயணஞ் செய்கின்றோமோ என்ற மயக்கம் ஒருகணம் உண்டாகும். அத்தேசத்திலிருந்து வந்த துரைமார் தம் ஊர்ப் பெயர்களையும் கப்பலில் ஏற்றிக் கொணர்ந்துவிட்டனர். பெயர்கள் இங்கே வந்துவிட்டன. அங்கே எஞ்சியிருப்பது யாது? அதனைப் பார்த்து வருவதற்காக, இவ்வாரம் அந்நாட்டின் வடபுலத்தில், அதுவும் நடுப் பனிக்காலத்தில், ஒரு மோட்டார்ப் பயணம் செய்வோம்.

"பனிக்காலத்திலா?" என்று வாசகர் முகஞ் சுளிக்கலாம். உல்லாசப் பிரயாணிகள் செல்வது கோடையிலேதான். அப்பொழுது மலைச்சாரல் பச்சைப் பசேலென்றிருக்கும். கோட்டைகளும் காட்சிச்சாலைகளும் திறந்திருக்கும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால், அந்நாட்டுக்கு வேறொரு வகைப் பயணிகளும் வருகின்றனர். கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும், பாட்டன் பூட்டன் பிறந்த மண்ணைத் தேடி வருவோர் அவர்கள். அவர்கள் தேடும் ஊர்கள் பல, கோடையிற் கண்ணுக்குத் தெரிவதில்லை. மனிதன் மார்பளவுக்கு வளரும் பன்னச் செடிகள் அவ்வூர்களை மூடிவிடுகின்றன. பனி கொட்டத் தொடங்கியதும் அப்பன்னம் செந்தவிட்டு நிறமாகி மடிந்து வீழ்கின்றது. நடுப்பகலிலும் கதிரவன் அடிவானத்திலிருந்து ஒன்பது பாகைக்கு மேல் எழுவதில்லை. அந்தச் சாய்ந்த வெயிலில், முழங்காலளவே நிற்கும் கற்சுவரும் நீண்ட நிழலை வீழ்த்துகின்றது. ஒரு சுவர் தெரிகின்றது, அப்பால் இன்னொன்று, வாசல் இருந்த இடம், பண்டு உழுத வரப்புக்கள். சற்று நேரத்தில் ஒரு கிராமம் முழுவதும் எழுந்து நிற்கின்றது. கூரை இல்லை, மனிதர் இல்லை. ஊர் மட்டும் இருக்கின்றது.

இவ்வூர்கள் ஏன் வெறிச்சோடின? 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஸ்கொட்லாந்தின் மலைநாட்டில் நிகழ்ந்த குடியகற்றமே காரணம். பரம்பரை பரம்பரையாக அப்பள்ளத்தாக்குகளில் மாடு வளர்த்தும் ஓட்ஸ், பார்லி விளைவித்தும் வாழ்ந்த குடிகளுக்குக் காணி உறுதி என்று எதுவும் இருக்கவில்லை. நிலம் பிரபுக்களுடையது. தென்பகுதியிலிருந்து வந்த செம்மறியாட்டுப் பண்ணைக்காரர், குடிகள் கொடுத்ததைக் காட்டிலும் மிகுந்த குத்தகை கொடுக்க முன்வந்தனர். பிரபுக்களும் அவர்களுடைய காரியஸ்தரும் குடிகளை எழுப்பிக் கடற்கரைக்கு அனுப்பினர். நிலத்தைச் சீர்திருத்துகின்றோம், பஞ்சத்தில் வாடும் குடிகளுக்கு மீன்பிடித் தொழிலைத் தருகின்றோம் என்பது அவர்கள் கூறிய நியாயம். கரையில் வாழ்வு காணாதோர் கப்பலேறினர்.

நமது பயணம் இன்வர்னெஸ் நகரில் தொடங்குகின்றது. 'இன்வர்' என்றால் கேலிக் மொழியில் ஆற்றுமுகம். நெஸ் ஆறு கடலிற் கலக்கும் இடம் என்பது பெயரின் பொருள். இங்கிருந்து வடக்கே செல்லும் நெடுவீதியின் பெயர் ஏ-9. நம்மவர்க்கு ஏ-9 என்றால் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வீதியே நினைவுக்கு வரும். அங்கும் வடக்கே கொண்டு செல்லும் பெருவீதிக்கு அதே இலக்கம். வண்டியை இடப்பக்கமாகச் செலுத்துவதும் நம் நாட்டு வழக்கமே.

ஆயினும், சாரதி சில காரியங்களை மனத்திற் கொள்ளவேண்டும். டிசம்பர் பிற்பகுதியில் இன்வர்னெஸில் காலை ஒன்பது மணி அளவில் விடிந்து, மாலை மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பகற்பொழுது ஆறரை மணித்தியாலந்தான். ஆகவே, ஒரு நாளைக்கு ஓரிடம் அல்லது ஈரிடம் என்று வகுத்துக்கொள்ளல் நலம். வீதியிற் கண்ணாடிபோற் படியும் உறைபனி கண்ணுக்குப் புலப்படாது. அதன்மேல் ஓடும் வண்டி நிற்பதற்கு, உலர்ந்த வீதியிலும் பத்து மடங்கு தூரம் வேண்டியிருக்கும். உயர்ந்த கணவாய்களில் வீதிக்குக் குறுக்கே இரும்புப் படலைகள் உண்டு. பனி மிகுந்தால் அவற்றைப் பூட்டிவிடுவர். 670 மீற்றர் உயரத்திற் செல்லும் கெயர்ன்வெல் கணவாய் அத்தகையது. அந்தி வேளையில் மான்கள் தீனி தேடிப் பள்ளத்தாக்குக்கு இறங்கி வீதியிற் குறுக்கிடும். வண்டியிற் கம்பளி, உணவு, சுடுநீர்ப் போத்தல், மண்வெட்டி, கைவிளக்கு ஆகியன இருத்தல் வேண்டும். பெற்றோல் கிடைக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்க. கைத்தொலைபேசி எங்கும் பேசும் என்று நம்பற்க.

முதலாம் நாள் பெருவீதியை விட்டு நீங்கி, ஆர்ட்கை என்னும் சிற்றூரிலிருந்து பத்து மைல் மேற்கே செல்வோம். வீதி ஒரு வண்டி செல்லும் அகலமே உடையது. இடைக்கிடையே ஒதுங்குமிடங்கள் அமைத்திருக்கின்றனர். எதிரே வண்டி வந்தால் இடப்பக்கத்து ஒதுங்குமிடத்துள் நுழைய வேண்டும். அது வலப்பக்கத்தில் இருந்தால் அதற்கெதிரே நின்று வழிவிட வேண்டும். வழிவிட்டவருக்குக் கையுயர்த்தி நன்றி சொல்வது அவ்வூர் மரியாதை. வீதியின் முடிவில், மரங்களுக்கிடையே ஒரு சிறிய தேவாலயம் நிற்கின்றது. அதுவே குரோயிக். தோமஸ் டெல்ஃபர்ட் என்ற புகழ்பெற்ற பொறியியலாளரின் திட்டப்படி 1827இல் கட்டப்பட்டது.

1845ஆம் ஆண்டு மே மாதம், அயலிலுள்ள கிளென்கால்விப் பள்ளத்தாக்கிலிருந்து எழுப்பப்பட்ட ஏறக்குறைய எண்பது பேர், போக்கிடமின்றி இத்தேவாலய முற்றத்துக்கு வந்தனர். குழந்தைகளும் முதியோரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் கோயிலினுள் புகவில்லை. கல்லறைகளுக்கிடையே கம்பளிகளைக் கட்டி, அவற்றின்கீழ் மழையிலும் குளிரிலும் தங்கினர். அங்கிருந்தபொழுது, சன்னலின் சாய்சதுரக் கண்ணாடித் துண்டுகளில் வெளிப்புறமாகச் சில சொற்களைக் கீறி வைத்தனர். கிளென்கால்வி மக்கள் இக்கோயில் முற்றத்தில் இருந்தனர் என்ற செய்தியும், மே 24 என்ற திகதியும், தம்மைத் தாமே பொல்லாத சந்ததி என்று பழித்துக்கொண்ட வார்த்தையும் இன்றும் அக்கண்ணாடியில் இருக்கின்றன. தமக்கு நேர்ந்தது தம் பாவத்தின் பலனாகும் என்று எண்ணினர் போலும்! கேலிக் பேசும் அம்மக்கள் அவற்றை எழுதியது ஆங்கிலத்தில். தம்மைப் பின்னர் தேடி வருவோர் அந்த மொழியையே பேசுவர் என்று எண்ணியிருப்பரோ என்று நினைக்கும்பொழுது நெஞ்சு கனக்கின்றது. பனிக்காலத்து வெயில் சாய்வாக அக்கண்ணாடியிற் படும்பொழுது கீறல்கள் தெளிவாகத் தெரியும். கையால் தொடாது கண்ணால் வாசித்துத் திரும்புவோம்.

மீண்டும் பெருவீதியை அடைந்து வடக்கே சென்றால், கோல்ஸ்பி என்னும் ஊருக்கு மேலே, மலையுச்சியில், மிகவுயர்ந்த சிலை ஒன்று தோன்றும். முதலாவது சதர்லாந்துக் கோமகனுக்கு 1837இல் எழுப்பப்பட்டது. அவர் குடும்பத்தின் நிலத்திலிருந்தே ஆயிரக்கணக்கானோர் அகற்றப்பட்டனர். அச்சிலை கோடையிலும் தெரியும், மாரியிலும் தெரியும். பல மைலுக்கப்பாலிருந்தும் தெரியும். குடிகளின் சுவரைக் காண்பதற்கோ பன்னம் மடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்நாட்டுச் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டில் அடக்கிவிடலாம்.

அன்றிரவு ஹெல்ம்ஸ்டேலிற் தங்குவோம். பனிக்காலத்தில் விடுதிகள் பல மூடியிருக்குமாதலால் முன்கூட்டியே கேட்டு வைத்தல் அவசியம். இவ்வூரே, பள்ளத்தாக்கிலிருந்து அகற்றப்பட்டோரைக் குடியேற்றுவதற்காக 1814ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது. ஊருக்கு மேலே, 2007இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலைக் கூட்டம் ஒன்றுண்டு. கணவன் கடலை நோக்குகின்றான். மகன் தந்தை முகத்தை நோக்குகின்றான். கைக்குழந்தையை ஏந்திய மனைவியோ பின்னே திரும்பித் தாம் விட்டுவந்த கில்டோனன் பள்ளத்தாக்கைப் பார்க்கின்றாள். அப்பள்ளத்தாக்கினர் ஏறக்குறைய நூறு பேர் 1813இல் கப்பலேறிக் கனடா சென்றனர். ஹட்சன் குடாக் கரையிற் பனிக்காலத்தைக் கழித்து, மறு ஆண்டு செவ்வாற்றங்கரையை அடைந்தனர். இன்றைய வினிபெக் நகரில் கில்டோனன் என்ற பெயர் வழங்குவது அவர்களாலேயே. இதே சிலையின் மறுபடி ஒன்று அந்நகரிலும் நிற்கின்றது.

மறுநாட் காலை வடக்கே சில மைல் சென்று, வீதியோரம் வண்டியை நிறுத்திக் கடற்பக்கமாகச் சிறிது தூரம் நடந்தால் பாட்பே என்னும் பாழூர். செங்குத்தான பாறையின் விளிம்பில் அகற்றப்பட்டோர் அமைத்துக்கொண்ட குடியிருப்பு அது. காற்று அள்ளிக் கடலில் வீழ்த்திவிடுமென அஞ்சி, ஆடுமாடுகளை மட்டுமன்றிக் குழந்தைகளையும் கயிற்றாற் கட்டி வைத்தார்கள் என்பர். பனிக்காலத்துக் காற்றில் அங்கு ஐந்து நிமிடம் நின்றவர்க்கு அதனை நம்புவது கடினமன்று. இங்கிருந்து 1839இல் நியூசிலாந்து சென்ற ஒருவரின் மகன், தந்தையையும் ஊர்மக்களையும் நினைந்து 1911இல் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார். கடைசிக் குடியிருப்பாளர் ஊரை விட்டு நீங்கியதும் அதே ஆண்டில்.

மூன்றாம் நாள் கில்டோனன் வழியாக உள்நாட்டுக்குத் திரும்பி ஸ்ட்ராத்நேவர் செல்வோம். 'ஸ்ட்ராத்' என்பது அகன்ற பள்ளத்தாக்கு. 1814இலும் 1819இலும் இங்கு பெரும் குடியகற்றங்கள் நிகழ்ந்தன. திரும்பி வராதிருக்கும்பொருட்டு வீட்டுக் கூரைகளுக்குத் தீ வைத்தனர். பற்றிக் செல்லர் என்ற காரியஸ்தர்மீது, படுக்கையிற் கிடந்த மூதாட்டி ஒருத்தியின் மரணத்துக்குக் காரணமானவர் என்ற குற்றச்சாட்டுடன் 1816இல் இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. யூரிமார் அவரை விடுதலை செய்தனர். குடிகள் அகன்ற அப்பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரே. இங்குள்ள ரோசல் என்னும் ஊரில் 1962இல் தொல்பொருள் ஆய்வு செய்தனர். மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நீண்ட வீடுகள், தானியக் களஞ்சியங்கள், தானியம் உலர்த்தும் சூளைகள் ஆகியவற்றின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. அவ்வூரிற் பிறந்த கற்கொத்தனாரான டொனால்ட் மக்லியொட், எரியும் வீடுகளை இரவில் ஒரு மேட்டிலிருந்து எண்ணியதாகவும், அவை 250 இருந்தன என்றும் பிற்காலத்தில் எழுதி வைத்தார். அவரும் இறுதியிற் கனடா சென்றார்.

வேர் தேடி வருவோர் வண்டியேறுமுன் எடின்பரோவிலுள்ள பதிவேடுகளைப் பார்த்தல் வேண்டும். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை அரசு கட்டாயமாக வைக்கத் தொடங்கியது 1855 ஜனவரி முதலாந் திகதி. அதற்கு முந்திய காலத்துக்குக் கோயிற் பதிவேடுகளே துணை. ரோசலிலிருந்தும் கிளென்கால்வியிலிருந்தும் மக்கள் போனது அதற்கு முன்னராதலால், ஊரின் பெயரைப் பாட்டி சொல்லிக் கொடுத்திருந்தாலன்றித் தேடுவது அரிது. பெயர் தெரிந்தவன் சுவரைக் காண்கின்றான்; தெரியாதவன் மலையை மாத்திரம் பார்த்துத் திரும்புகின்றான்.

தொடங்கிய இடத்துக்கு வருவோம். நம் நாட்டில் தேயிலையை வர்த்தகப் பயிராக முதலில் நிலைநாட்டிய ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொட்லாந்தின் கிழக்கே ஓக்கன்பிளே என்னும் கிராமத்துக்கு அருகிற் பிறந்தவர். அவர் அகற்றப்பட்டவரல்லர், பிழைப்பைத் தேடி 1851இல், பதினாறு வயதில், கப்பலேறியவர். லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1892இல், பிறந்த ஊரை மீண்டும் பாராமலே இறந்து, கண்டியில் அடக்கமானார். அவர் பெயரும் பிறந்த திகதியும் ஏட்டில் இருக்கின்றன. அவருடைய தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த தமிழ்த் தொழிலாளரின் ஊர்களோ? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருள் பலர், தாம் ஒருநாளும் கண்டிராத மண்ணுக்கே 'திரும்பி'ச் சென்றனர்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கொட்லாந்து செல்லும் வாய்ப்பு உங்களுள் சிலருக்கே கிட்டும். ஆனால், அங்கு கிடைக்கும் பாடத்தைக் கற்க இன்று மாலையே போதும். வீட்டிலுள்ள அப்பாச்சியிடமோ அம்மம்மாவிடமோ சென்று, அவருடைய தாயும் தந்தையும் பிறந்த ஊர், குறிச்சி, கோயில், கிணறு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி, திகதியும் இட்டு வையுங்கள். கிளென்கால்வி மக்களுக்கு எழுதக் கிடைத்தது ஒரு கண்ணாடித் துண்டு. நம்மிடம் கொப்பியும் பேனாவும் இருக்கின்றன; கேட்டாற் சொல்ல இன்னும் ஆளும் இருக்கின்றார்.