பெயர் ஒருவருடையது, முதல் ஒருவருடையது

பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற எல்லையூர்களில் உரிமம் பெற்று நடைபெறும் கைப்பேசிக் கடையின் பெயர்ப்பலகை பெருநிறுவனத்துடையது; முதலோ உள்ளூர்க் கடைக்காரருடையது. வாடகை, ஊதியம், மின்கட்டணம் யாவும் அவர் பொறுப்பே. புதிய கைப்பேசி வெளிவந்தால் பழைய சரக்கின் மதிப்புக் குறையும்.

2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் ஒன்றே. 2020 ஏப்ரல் முதல் கைப்பேசிக்கு அது 18 விழுக்காடு. எனவே எல்லைக்கு அப்பாலுள்ள களியக்காவிளைக் கடையோடு வரியில் வேறுபாடு இல்லை. இணைய வணிகத்தோடு விலையில் போட்டியிடுவதும் அரிது.

கடையைக் காப்பவை உறை, பழுதுநீக்கம் ஆகியவற்றின் வருவாயும், தமிழிலும் மலையாளத்திலும் பொறுமையாக விளக்கிப் பெறும் நம்பிக்கையுமே. அந்நம்பிக்கையால் நிறுவனத்தின் பெயரும் வளர்கிறது. ஆதலால் கடைக்காரரின் இழப்பிலும் நிறுவனம் பங்கேற்பதே அறம்.