ஏட்டில் ஏறாத உயிர்கள்

திருப்பூரில் பனியன் துணி பின்னும் தொழிற்கூடங்களைக் கண்டிருப்பீர்கள். அங்கே நூலை நிறுத்துக் கொடுப்பர். துணியை நிறுத்து வாங்குவர். இடையே சிறிது கழிவு உண்டு. இவ்வளவு நூலுக்கு இவ்வளவு கழிவு என்பதைக் கணக்கர் பழக்கத்தால் அறிவார். ஒரு திங்களில் கழிவு இருமடங்காயின், எவரும் வாய் திறவாவிடினும், ஏதோ நேர்ந்தது என்று உணர்ந்துகொள்வார்.

கொள்ளைநோயின் கொடுமையையும் அறிஞர் இவ்வாறே அளக்கின்றனர். நோயில்லாத ஆண்டுகளின் இறப்புக் கணக்கைக் கொண்டு, இவ்வாண்டில் இத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணிக்கின்றனர். இறந்தோர் அதனினும் மிகுந்தால் அம்மிகுதியே மிகை இறப்பாகும். நோயால் மாண்டோரேயன்றி, அந்நாளில் மருத்துவமனையில் இடமின்றி வேறு பிணியால் மாண்டோரும் அதில் அடங்குவர்.

2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் நம் நாட்டில் கொரோனாவால் மாண்டோர் ஏறத்தாழ 4,81,000 பேர் என்பது அரசின் கணக்கு. மிகை இறப்போ 47 இலட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே திங்களில் மதிப்பிட்டது. ஏடுகள் நிறைவாகக் கிட்டாத இடத்தைக் கணித முறையால் நிரப்பிப் பெற்ற எண் அது. அம்முறை இப்பெரு நாட்டுக்குப் பொருந்தாது என்று இந்திய அரசு மறுத்தது.

பதிவேடு என்ன சொல்கிறது? 2019இல் பதிவான இறப்புகள் ஏறத்தாழ 76 இலட்சம். 2020இல் 81 இலட்சம். 2021இலோ 1 கோடியே 2 இலட்சம்! பதிவு செய்யும் வழக்கம் பெருகியது ஒரு காரணமே; முழுக் காரணம் அதுவன்று. 47 இலட்சத்தை அப்படியே ஏற்க நான் துணியேன். 4,81,000த்தோடு கணக்கு முடிந்தது என்பாரையும் நம்பேன்.

1918ஆம் ஆண்டின் இன்புளுயன்சாக் காய்ச்சல் விளைத்த அழிவை 1921ஆம் ஆண்டின் குடிக்கணக்கு காட்டிற்று. மக்கள்தொகையே முன்னையினும் குறைந்திருந்தது. இம்முறை, 2021இல் எடுக்கவேண்டிய குடிக்கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. ஆதலின் இறப்புப் பதிவேட்டின் பொறுப்பு இன்னும் பெரிதாயிற்று.

மதிப்பீட்டைப் பழிப்பதினும் ஏட்டை நிறைவாக்குவதே நேரிய மறுப்பு என்பது என் கருத்து. திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்போர் பலர். அவர்களுள் ஒருவர் இங்கு மாண்டால், சொந்த ஊர் எதுவாயினும், இறப்பு இங்கேதான் பதியப்படல் வேண்டும். தங்கும் விடுதியில் இறப்பு நேரின் அதனைத் தெரிவிக்கும் கடமை விடுதிப் பொறுப்பாளருடையது என்று 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் விதிக்கிறது. அதற்குரிய காலம் 21 நாள்.