அறங்கேட்டவளுக்கு ஆண்டில் ஒரே நாளா?



ஓர் ஊரை அறிய அதன் மலையையும் ஆற்றையும் கண்டால் மட்டும் போதாது. அவ்வூர் மாந்தர் யாரைத் தொழுதனர், எதன்பொருட்டுத் தொழுதனர் என்று கேட்டறிதல் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், குமுளி மலைவழி தொடங்கும் இடத்தில் ஓர் ஊர் உள்ளது. அதன் பெயர் இன்றும் ‘லோயர் கேம்ப்’. கீழ்ப்பாசறை என்பதே அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். 1895-இல் பணி நிறைவுற்ற பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து இறங்கும் பக்கம் இது. அவ்வணையைக் கட்டிய பென்னிகுவிக்கிற்கு இங்கே 2013-இல் மணிமண்டபம் எழுந்தது. நன்றி மறவாமை தமிழர்தம் பண்பு, அதனைக் குறைகூறுவாரில்லை. ஆயின், அம்மண்டபத்தைக் கண்டு திரும்புவோருள் எத்தனைபேர் தலைநிமிர்ந்து மலைமுகட்டை நோக்குகின்றனர்?

அம்முகட்டில், வண்ணாத்திப்பாறைமேல், இடிந்த கற்களுக்கிடையே நிற்பது கண்ணகி கோட்டம். மங்கலதேவி கோயில் என மக்கள் வழங்கிவந்த அதனை, சேரன் செங்குட்டுவன் எடுத்த கோட்டம் இதுவே என்று 1963-இல் ஆய்ந்து அறிவித்தவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். வேறு இடம் சுட்டுவாரும் உளர். அவ்வாராய்ச்சி நடக்கட்டும். நாம் கேட்பது வேறு. கண்ணகியைத் தொழுவது என்றால் என்ன?

படையின்றி, சுற்றமின்றி, வேற்றூர் மன்றில் ஒற்றைச் சிலம்பைச் சான்றாகக் காட்டி அரசனையே வினவியவள் அவள். அவன் முறைபிழைத்தான் என மெய்ப்பித்தாள். அவனும் அதனை ஏற்று உயிர்விட்டான். ஆள்வோனும் அறத்துக்கு உட்பட்டவனே என்னும் கொள்கையன்றோ அங்கே தெய்வமாயிற்று! அத்தெய்வத்தை முதலிற் கண்டுகொண்டவர் யார்? அரசரல்லர், பூசகரல்லர், வேங்கைமர நிழலில் அவளைக் கண்ட மலைக்குறவரே. செங்குட்டுவன் இமயக்கல் கொணர்ந்தது அதன் பின்னர்தான். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, ‘கற்பு’ என்னும் ஒற்றைச் சொல்லில் அவளை அடைத்து, அச்சொல்லையே பெண்டிர்க்குத் தளையாக்கும் மேடைப் புலவர்கள், அவளைப் போற்றுகின்றனரா, புதைக்கின்றனரா?

உலகம் அவளை மறக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1892-இல் சிலம்பை உரையுடன் பதிப்பித்தார். இராமச்சந்திர தீட்சிதர் 1939-இலும், பிரெஞ்சு அறிஞர் தானியேலு 1965-இலும், பார்த்தசாரதி 1993-இலும் அதனை ஆங்கிலத்தில் தந்தனர். கோட்டத்திற்கு வந்திருந்த வேந்தருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்று சிலம்பே கூறும். இன்றும் மட்டக்களப்பில் தமிழர் அவளைக் கண்ணகை அம்மனாகக் குளிர்த்தி பாடி வணங்குகின்றனர். சிங்களரோ பத்தினித் தெய்வமாகப் போற்றுகின்றனர். கண்டிப் பெரகராவில் உலாவரும் நான்கு தேவாலயங்களுள் ஒன்று அவளுடையது. இவ்வழிபாட்டைப் பற்றியே கணநாத் ஒபயசேகர 1984-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்.

ஆனால், பத்தினியைத் தொழும் அந்நாட்டில்தான் 1981-இல் யாழ் நூலகம் ஏறத்தாழ 97,000 பொத்தகங்களோடு எரிந்தது. 1983-இல் தமிழர் தெருவில் எரிக்கப்பட்டனர். அறத்தைக் கைவிட்ட வழிபாடு எவ்வளவு வெறுமையானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிறரைச் சுட்டிய விரலை இனி நம்பக்கம் திருப்புவோம். சென்னைக் கடற்கரையினின்று அவள் சிலையை 2001-இல் அகற்றியபோது தமிழகம் கொதித்தது. 2006-இல் மீண்டும் நிறுவியபோது மகிழ்ந்தது. நன்று. ஆனால், அவள் கோட்டமோ ஆண்டில் ஒரே நாள், சித்திரை முழுநிலா நாளில் மட்டுமே, மக்களுக்குத் திறக்கிறது. மலையடியிலுள்ள பளியன்குடியிலிருந்து கோட்டத்திற்கு ஏறத்தாழ நான்கு கல் தொலைவே. எனினும் அது செங்குத்தான காட்டு நடைவழி. ஆதலின், பெரும்பாலோர் குமுளிக்குச் சென்று, அதனினும் இருமடங்கு நீண்ட வழியில் ஊர்தியேறிச் செல்கின்றனர்.

“அது புலிகள் காப்பகம், ஆகவே கட்டுப்பாடு” என்பர். காடு காக்கப்படவேண்டும், அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், சபரிமலையும் அதே பெரியாற்றுப் புலிகள் காப்பகத்துள்தான் உள்ளது. அங்கே ஆண்டுதோறும் பன்னூறாயிரவர் செல்கின்றனர். அங்கே இடம்தரும் காடு இங்கே ஒரு நாளுக்குமேல் தாங்காதோ? மலையாள மக்களோடு நமக்குப் பகையில்லை. அவர்களும் அந்நாளில் அவளை வணங்குகின்றனர். நம் வழக்கு, இரு அரசுகளின் அசையாமையோடுதான்.

இன்னொன்று கேளுங்கள். பளியன்குடி என்னும் பெயரே அம்மலை யாருடையது எனக் கூறவில்லையா? அன்று கண்ணகியை அடையாளங்கண்டவர் மலைவாழ்நர். இன்று அவள் காலடியில் வாழ்வோரும் மலைவாழ்நரே. காட்டில் குடியிருப்போர்க்கு நிலவுரிமையும் காட்டுவிளைபொருள் உரிமையும் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் 2006-இல் இயற்றியது. அவ்வுரிமை பளியர் ஒவ்வொருவர் கைக்கும் எழுத்தாகச் சேரும்வரை, அவர்கள் மலையில் நாம் ஏற்றும் விளக்கு யாருக்கு ஒளி?

ஆகவே, தமிழக அரசு கேரள அரசோடு அமர்ந்து பேசி, வழிபாட்டு நாள்களை மிகுவிக்கவேண்டும். மரம் வெட்டாமல், தார் கொட்டாமல், பளியன்குடி நடைவழிக்குக் கற்படியும் குடிநீரும் அமைக்கவேண்டும். அப்பணியையும் வழிகாட்டும் பொறுப்பையும் பளியர்க்கே ஊதியத்தோடு அளிக்கவேண்டும். ஊர்ப்பெயரைத் தமிழாக்குவதும் வேண்டுவதே; ஆயின் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு அமைவது தமிழ்ப்பற்று ஆகாது.

ஒரு சிலம்பை ஏந்தி ஒருத்தி அரசவையில் கேட்டாள். நாம் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறோம். கேட்க நா எழவில்லையெனில், அவளைத் தொழும் தகுதி நமக்கு ஏது?